ஆள் பார்த்து நின்ற கார்

என்னிடம் படித்து, இப்போது ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் மேலாளராக இருப்பவர் போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தார். வந்தவர் சும்மா உட்காரவில்லை. பையிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை எடுத்து, என் காரின் ஸ்டியரிங்குக்குக் கீழே செருகிவிட்டுக் கைபேசியைக் காட்டினார். காருக்கு என்னென்ன நோய் என்று வரிசையாக வந்து விழுந்தது. "உங்க காலத்துல இதெல்லாம் இல்லாம எப்படி சார் கோர்ட்டுக்கு ரிப்போர்ட் எழுதினீங்க?" என்று கேட்டார். நான் என்னவோ குதிரை வண்டிக்கு ரிப்போர்ட் எழுதியவன் போல அவர் கேட்டதில் எனக்குக் கொஞ்சம் கோபம்தான். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. அதனால் எழுதுகிறேன்.

அப்போது 'மன்றம்' என்று இருந்த நுகர்வோர் நீதிமன்றம் இப்போது 'ஆணையம்' ஆகிவிட்டது. புகாரைக் கணினியிலேயே அனுப்பிவிடலாமாம். மாறாதது ஒன்றே ஒன்றுதான். வாங்கியவர் "வண்டி நின்று போகிறது" என்பார், விற்றவர் "நிற்கவே இல்லை" என்பார். இரண்டு பேருக்கும் நடுவில் போய் நிற்க ஒரு ஆள் வேண்டும். இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷங்கள் அந்த இடத்தில் நின்றவன் நான்.

நான் மெக்கானிக்கல் படித்தேன், பஸ் டெப்போவில் கொஞ்ச காலம் கிரீஸில் குளித்தேன், பிறகு தாம்பரம் பக்கத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் எடுக்க வந்து அங்கேயே தலை நரைத்தேன். ஒருநாள் மன்றத்திலிருந்து எங்கள் முதல்வருக்குக் கடிதம் வந்தது. ஒரு வேன் எஞ்சினைச் சோதித்துச் சொல்ல ஒரு நிபுணர் தேவை என்றார்கள். எங்கள் முதல்வர் தனக்கு வரும் வேலைகளில் பிடிக்காததை எனக்கும், பிடித்ததைத் தனக்கும் ஒதுக்கும் பழக்கம் உடையவர். அப்படித்தான் நான் நிபுணரானேன்.

வேலையின் முறை எளிது. சோதனை நாளைக் குறிப்பிட்டு இரண்டு தரப்புக்கும் அறிவிப்பு அனுப்ப வேண்டும். இரண்டு தரப்பும் கூட இருக்கும்போதுதான் பானட்டைத் திறக்க வேண்டும். ஒருவர் இல்லாத இடத்தில் மற்றவரோடு வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. காபி விஷயத்தில் மன்றத் தலைவரே எனக்கு ஒரு விதி சொன்னார்: "குடிக்காதீங்க. குடிச்சே ஆகணும்னா எதிர்த் தரப்பு ஆளுக்கும் ஒரு டம்ளர் குடுக்கச் சொல்லுங்க."

அந்தத் தலைவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி. கார் வழக்குகளாகத் தீர்த்துத் தள்ளினாரே தவிர அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. குடையும் டிபன் பாக்ஸுமாக மின்சார ரயிலில்தான் வருவார். முதல் நாள் சாட்சிக் கூண்டில் நின்று, பிஸ்டன் எப்படி மேலே போய்க் கீழே வருகிறது என்று நான் கையை ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"கையைக் கீழ போடுங்க சார். டைப்பிஸ்ட் அம்மாவால உங்க கையை டைப் அடிக்க முடியாது. வார்த்தையா சொல்லுங்க."

கையைக் கட்டிவிட்டால் ஆட்டோமொபைல் வாத்தியாருக்கு வாயும் கட்டிப் போகும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. பிறகு பழகிக்கொண்டேன், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு பேசுவேன். அவரிடம் இன்னொரு வார்த்தையும் உண்டு: "அப்படியா." இழுத்துச் சொன்னால் நம்பவில்லை என்று பொருள். சட்டென்று சொன்னால் நம்பிவிட்டார். தலையைத் தூக்காமல் மெதுவாகச் சொன்னால் எதிரில் நிற்கும் வக்கீல் ஃபைலை மூடிக்கொள்ளலாம்.

இனி தேவசகாயம் சார் கதை. ஊரப்பாக்கத்தில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் வீடு. பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுத்து ஓய்வு பெற்றவர். மனைவி ரூபி டீச்சரும் ஆசிரியை, அவர் கணக்கு. வீட்டில் யார் பேச்சு செல்லும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஓய்வு பெற்ற பிறகு டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்ப் பையன்களோடு பையனாக ஓட்டக் கற்று, லைசென்ஸ் எடுத்து, புதுக் கார் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு மனைவியையும் பேத்தியையும் தானே ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

கார் வாங்கிய சில வாரங்களிலேயே தொல்லை தொடங்கிவிட்டது. ஏதாவது ஒரு மேட்டில் ஏறும்போது இரண்டு தடவை இருமும், அப்புறம் அணைந்துவிடும். எவ்வளவு முடுக்கினாலும் உயிர் வராது. தள்ளிக் கீழே கொண்டுவந்து கொஞ்ச நேரம் சும்மா விட்டால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயில்வே கேட் மேட்டில் ஏறி, சரியாகத் தண்டவாளத்தின் மேல் நின்றுவிட்டது. பின் சீட்டில் பேத்தி. மீன் விற்கப் போய்க்கொண்டிருந்த இரண்டு பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓடிவந்து, கேட் கீப்பரோடு சேர்ந்து காரைத் தள்ளிவிட்டார்கள். "இன்னா பெரியவரே, நிறுத்துறதுக்கு உனுக்கு வேற எடமே கெடைக்கலியா?" என்று அவர்களில் ஒருத்தி கேட்டதைச் சார் என்னிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. ரூபி டீச்சர்தான் சிரித்தார். அவருக்கும் அன்று சிரிப்பு வந்திருக்காது.

ஒவ்வொரு தடவையும் காரை சர்வீஸுக்கு விடுவார். அவர்கள் ஓட்டிப் பார்ப்பார்கள், கழுவித் துடைத்து, குறை ஒன்றும் இல்லை என்று எழுதித் திருப்பித் தருவார்கள். அந்தக் காரைப் போல அடிக்கடி குளித்த கார் ஊரப்பாக்கத்தில் வேறு கிடையாது. பெட்ரோல் பம்பைக்கூட ஒரு முறை மாற்றிப் பார்த்தார்கள். அடுத்த ஞாயிறு மறுபடியும் நின்றது. கடைசியில் கம்பெனியிலிருந்து பதில் வந்தது: வண்டியில் பழுது இல்லை, வாடிக்கையாளருக்கு வயது காரணமாக க்ளட்சை இயக்கத் தெரியவில்லை, அவர் பயிற்சி எடுத்துக்கொள்வது நல்லது.

இதை அவருடைய மருமகன் நம்பிவிட்டார், மகளும் நம்பிவிட்டாள். பேத்தியை இனிமேல் தாத்தா காரில் அனுப்புவதில்லை என்று முடிவானது. அதன் பிறகுதான் சார் வக்கீல்கூட வைக்காமல், தன் கையாலேயே புகார் எழுதி மன்றத்துக்கு வந்தார். வேறு கார் வேண்டும் என்று புகாரில் இருந்தது. அவருக்கு உண்மையில் வேண்டியது என்ன என்பதை, முதல் சோதனைக்கு நான் போனபோது கம்பெனி ஆட்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"சார், பசங்க பொய் சொன்னா கண்டுபிடிக்கிறதுதான் என் வேலையே. இப்ப என்னையே பொய்யன்னு எழுதிட்டாங்க. வண்டி நல்லா இருக்குன்னு நீங்களும் எழுதிட்டீங்கன்னா, சாவியை மருமகன் கையில குடுத்துடுவேன். அதுக்கப்புறம் ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன்."

கம்பெனி சார்பில் சர்வீஸ் மேனேஜர் சுரேஷும் டெஸ்ட் டிரைவர் ஏழுமலையும் வந்திருந்தார்கள். சுரேஷ் நல்ல மனிதர், எதற்கும் "கண்டிப்பா சார்" என்பார். ஏழுமலை வேறு ரகம். "எத்தினி வாட்டி சார் ஓட்டிப் பாக்கறது? வண்டி சூப்பரா கீது. பெரியவருக்குத்தான் கால் சொல் பேச்சு கேக்கல" என்று என் காதுபடவே சொன்னார்.

கார் பளபளவென்று இருந்தது. சீட் உறை துவைத்துப் போட்டிருந்தது. தேவசகாயம் சார் ஓட்டினார், நான் ஓட்டினேன், ஏழுமலை ஓட்டினார். வண்டலூர் போனோம், ஜி.எஸ்.டி. ரோட்டு நெரிசலில் தாம்பரம் வரை ஊர்ந்தோம், ஏ.சி. போட்டும் அணைத்தும் பார்த்தோம், திரும்பி வரும்போது அந்த ரயில்வே கேட் மேட்டையும் தாண்டினோம். இன்ஸ்பெக்ஷன் அன்று வகுப்பு உட்கார்ந்திருப்பதைப் போல அவ்வளவு அடக்கமாக ஓடியது கார். ஒரு இருமல்கூட இல்லை. தேவசகாயம் சார் முகத்தை நான் பார்க்கவே இல்லை, பார்க்கத் தெம்பும் இல்லை.

வீட்டு வாசலில் இறங்கியதும் ரூபி டீச்சர் காபிக்குக் கூப்பிட்டார். விதியைச் சொன்னேன். "அதனால என்ன, எல்லாருக்கும்தான் போட்டிருக்கேன்" என்று சுரேஷையும் ஏழுமலையையும் உட்காரவைத்தார். முறுக்கும் வந்தது.

"இந்த வண்டி கம்பெனி ஆளுங்களைப் பார்த்தா நல்லா நடிக்குது சார்" என்றார் டீச்சர்.

"மேடம், ஆள் பார்த்து ஓடுறதுக்கு வண்டிக்கு எல்லாம் தெரியாது" என்றார் சுரேஷ்.

"ஏன் தம்பி தெரியாது? நாங்க ஏறினா அதுக்குப் பட்டினி. நீங்க வந்தா விருந்து. அதுக்கு நன்றி இருக்காதா?"

"ரூபி, சும்மா இரேன்" என்றார் சார்.

"எதுக்குச் சும்மா இருக்கணும்? சார், நாங்க சர்ச்சுக்குப் போகும்போது பெட்ரோல் முள் எப்பவும் கீழதான் படுத்திருக்கும். போடுங்கன்னு சொன்னா, போயிட்டு வர்ற அளவுக்கு இருக்கும்பார். அதே வண்டி சர்வீஸுக்குப் போகுதுன்னா, முந்தின நாளே பெட்ரோல் பங்குக்குப் போய் வாய் வரைக்கும் ஊத்திட்டு வந்து நிறுத்துவார். இன்னிக்கும் நீங்க வர்றீங்கன்னு காலையில போய் ரொப்பிட்டு வந்தார்."

சாருக்கு வெட்கமாகிவிட்டது. "அடுத்தவங்க கையில குடுக்கிற வண்டி சார். அவங்க ஓட்டிப் பார்க்கணும்ல. நம்ம வண்டிக்கு அவங்க பெட்ரோல் போடுற மாதிரி விட்டா மரியாதையா இருக்குமா?"

எல்லோரும் சிரித்தார்கள். சுரேஷ்தான் அதிகம் சிரித்தார். "சார் மாதிரி கஸ்டமர் கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்" என்றார். நானும் சிரித்தேன், ஆனால் முறுக்கு பல்லிலேயே நின்றுவிட்டது.

விஷயம் இதுதான். பெட்ரோலை எஞ்சினுக்குத் தள்ளும் பம்ப், டேங்குக்கு உள்ளேயே இருக்கும். அதைச் சுற்றி ஒரு கிண்ணம். டேங்கில் பெட்ரோல் குறைந்து, மேட்டில் ஏறும்போது இருப்பதும் ஒரு பக்கமாக ஓடிவிட்டாலும், கிண்ணத்தில் தங்கிய பெட்ரோல் பம்பை நனைத்துக்கொண்டிருக்கும். அந்தக் கிண்ணத்தில் கோளாறு என்றால் பம்ப் காற்றை உறிஞ்சும், எஞ்சின் இருமி அணையும். சமதரையில் கொஞ்ச நேரம் விட்டால் பெட்ரோல் திரும்பி வந்து சேரும், வண்டியும் கிளம்பும். டேங்க் நிறைய இருந்தாலோ இந்தக் கோளாறு இருப்பதே யாருக்கும் தெரியாது. அதாவது, குறையைக் கண்டுபிடிக்க வந்த ஒவ்வொருவரிடமிருந்தும் அந்தக் குறையைத் தன் கைக்காசு போட்டு மறைத்துவைத்தவர் தேவசகாயம் சார்தான். இத்தனைக்கும் அவர் செய்தது மரியாதை.

ஆனால் இது என் ஊகம்தான். ஊகத்தை ரிப்போர்ட்டில் எழுத முடியாது. சோதித்துப் பார்க்காமல் ஒரு தரப்புக்குச் சாதகமாக அங்கே வாயைத் திறக்கவும் முடியாது. மன்றத்துக்குப் போனேன்.

"வண்டி ஓடிச்சா?" என்றார் தலைவர்.

"ஓடிச்சு ஐயா."

"எங்கயாவது நின்னுச்சா?"

"நிக்கல ஐயா."

"அப்புறம் எதுக்கு இன்னொரு நாள் கேக்கறீங்க?"

"அன்னிக்கு வயிறு நிறைஞ்சிருந்தது ஐயா."

"யாருக்கு?"

கையைப் பின்னால் கோத்துக்கொண்டு வார்த்தையாகச் சொன்னேன். கம்பெனி வக்கீல் எழுந்து, பழுது கிடைக்கும்வரை சோதித்துக்கொண்டே இருப்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்டார். தலைவர் "அப்படியா" என்று இழுத்தார். பிறகு, "நல்ல வண்டின்னா ரெண்டாவது நாளும் ஓடத்தானே போகுது? உங்களுக்கு என்ன பயம்?" என்றார். ஒரு நாள் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பும்போது வண்டி எப்படி இருக்குமோ அப்படியே இருக்க வேண்டும், ஒரு சொட்டுப் பெட்ரோல் சேர்க்கக் கூடாது என்று நிபந்தனை.

அந்த நிபந்தனையில் சார் பட்ட பாடு கொஞ்சமல்ல. இரண்டாவது சோதனையன்று சுரேஷ் ஏறியதும் அவர் கண் பெட்ரோல் முள்ளில் விழுந்துவிட்டதைச் சார் கவனித்துவிட்டார். "தப்பா நினைக்காதீங்க தம்பி. இவர்தான் போடக் கூடாதுன்னுட்டார்" என்று என்னைக் காட்டிக்கொடுத்தார்.

தண்டவாளத்தின் மேல் சோதனை நடத்துகிற அளவுக்கு நான் வீரன் அல்ல. வண்டலூர்ப் பக்கம் ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு ஏற்றத் தெருவைப் பார்த்து வைத்திருந்தேன். சர்ச்சுக்குப் போகிற பாரம் வேண்டும் என்பதால் எல்லோரும் ஏறிக்கொண்டோம். பின் சீட்டில் சுரேஷுக்கும் ஏழுமலைக்கும் நடுவில் ரூபி டீச்சர், பரீட்சை ஹாலில் இருப்பவரைப் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சார் கியரை மாற்றி மேட்டில் ஏற்றினார். பாதி ஏறியதும் கார் ஒரு தடவை இருமியது. இன்னொரு தடவை இருமியது. அணைந்துவிட்டது.

முதலில் சுரேஷ்தான், "சார், அந்த க்ளட்ச் விடுற விதத்துல..." என்று தொடங்கினார். அதற்காகவே காத்திருந்தவன் போல, "நீங்களே உட்காருங்க" என்றேன். சமதரைக்குக் கொண்டுவந்து, கொஞ்ச நேரம் விட்டு, சுரேஷ் ஓட்டினார். அதே இடத்தில் அதே இருமல், அணைந்தது. அடுத்து ஏழுமலை சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஏறினார். "பெரியவருக்கு வயசாயிடுச்சி. மேனேஜரு ஏ.சி. ரூம்ல குந்திகினு கீறவரு. இப்ப பாரு சார், இது வண்டி ஓட்டுற கால்" என்றார். பாதி மேட்டில் அந்தக் காலுக்கும் அதே கதிதான். அவர் இறங்காமல் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா சார் இது பேஜாரா கீது" என்றார் கடைசியில்.

"பாவம், மூணு பேருக்குமே வயசாயிடுச்சு" என்றார் ரூபி டீச்சர்.

தேவசகாயம் சார் சாலை ஓரமாகத் திரும்பி நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிபுணன் எந்தப் பக்கமும் சந்தோஷப்படக் கூடாது. எனக்கு அன்று சந்தோஷம் தாங்கவில்லை, இரண்டு தரப்பும் பார்க்காதபடி பானட்டைத் திறந்து அதற்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

பாதிச் சோதனைதான் முடிந்திருந்தது. டேங்கை நிறைத்து அதே மேட்டில் ஏற்றிக் காட்டினால்தான் முழுதாகும். "இப்ப போடலாம் சார்" என்று சொன்னதும் அவர் முகத்தில் வந்த நிம்மதியை இன்னும் மறக்க முடியவில்லை. பங்குக்குப் போய் நிறைத்தோம். கார் அந்த மேட்டை ஒரே மூச்சில் ஏறியது, மூன்று பேர் ஓட்டியும் ஏறியது. பிறகு பட்டறையில், இரண்டு தரப்பும் பார்க்க, டேங்கை இறக்கினோம். கிண்ணத்தின் அடியில் வார்க்கும்போதே விழுந்த விரிசல் இருந்தது. முன்பு பம்பை மாற்றியவர்கள் புதுப் பம்பையும் அதே கிண்ணத்தில்தான் உட்கார்த்தியிருந்தார்கள்.

மன்றத்தில் கம்பெனி வக்கீல் என்னைக் குறுக்கு விசாரணை செய்தார். "அப்போ எப்பவும் டேங்கை நிரப்பியே வச்சிருந்தா இந்தப் பிரச்சினையே வராது, இல்லையா?"

"வராது."

"அவ்வளவுதான் ஐயா" என்று அவர் உட்காரப் போனார். தலைவர் நிறுத்தினார். "கால் டேங்க்ல ஓட்டக் கூடாதுன்னு வண்டியோட குடுத்த புத்தகத்துல எங்கயாவது போட்டிருக்கா?"

வக்கீல் சுரேஷைப் பார்த்தார், சுரேஷ் தரையைப் பார்த்தார். "இல்லை ஐயா."

"அப்படியா" என்றார் தலைவர், தலையைத் தூக்காமல்.

டேங்கை இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று கம்பெனி கடைசி நேரத்தில் இறங்கி வந்தது. தலைவர் ஏற்கவில்லை. திரும்பத் திரும்பக் கொண்டுவந்த வண்டியைச் சரி செய்யாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஓட்டுகிறவரைக் குறை சொன்ன பிறகு, ரிப்பேர் என்ற பேச்சுக்கு இடமில்லை, அந்தக் காரை எடுத்துக்கொண்டு வேறு புது வண்டி கொடுங்கள் என்று உத்தரவு போட்டார். மேல்முறையீட்டுக்குப் போவார்கள் என்று பயந்தோம், போகவில்லை. என் மாணவர்களுக்கு நான் சொல்வது இது: குறை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது வாங்கியவர் வேலை அல்ல. "இப்படி நிற்கிறது" என்று அவர் சொன்னால், ஏன் என்று தேடுவது விற்றவர் கடமை. தேடிக் கிடைக்காவிட்டால் இன்னும் தேட வேண்டும், அவர் காலைக் குறை சொல்லக் கூடாது.

தேவசகாயம் சாருக்கு உத்தரவில் பிடித்தது புதுக் கார் அல்ல. 'புகார்தாரர் வண்டி ஓட்டும் முறையில் குறை ஏதும் இல்லை' என்ற ஒரே ஒரு வரி. அதை மருமகனை உட்காரவைத்து, வகுப்பில் படிப்பது போல நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினாராம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேத்தி தாத்தாவோடுதான் சர்ச்சுக்குப் போவாள் என்று மகள் சொல்லிவிட்டாள்.

பழைய காரைக் கம்பெனி எடுத்துப் போகும் நாளில் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். வழக்கு முடிந்துவிட்டதால் யாரையும் கேட்காமல் காபி குடிக்கலாம் என்று போனேன். வாசலில் புதுக் கார் நின்றது, அதைக் கொண்டுவந்த சுரேஷும் ஏழுமலையும் நின்றார்கள். பழைய காரையும் காணோம், சாரையும் காணோம்.

"சார் எங்க, டீச்சர்?" என்றேன்.

"எங்க போயிருப்பார்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று தலையில் அடித்துக்கொண்டார் ரூபி டீச்சர்.

கொஞ்ச நேரத்தில் கார் வந்து நின்றது. சுரேஷ் உள்ளே எட்டிப் பார்த்தார். பெட்ரோல் முள் உச்சியில் நின்றது. "சார்... இது எங்க கம்பெனிக்குத்தான் சார் திரும்பிப் போகுது" என்றார்.

"தெரியும் தம்பி. ஆனா நம்ம வீட்டை விட்டுப் போகுது. எப்படிப் பட்டினியா அனுப்புறது?"

ஏழுமலை சாவியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு ஏறினார். நாங்கள் தெருவில் நின்று பார்த்தோம். கார் தெருவைத் தாண்டி, திரும்பி, ரயில்வே கேட் மேட்டில் ஏறத் தொடங்கியது.

"இப்பவாவது ஒரு தடவை நில்லேன்!" என்று கத்தினார் ரூபி டீச்சர்.

அது ஒரு இருமல்கூட இல்லாமல் மேட்டில் ஏறித் தண்டவாளத்தைத் தாண்டிப் போய்விட்டது. "நல்லா ஓடுது, இல்ல?" என்றார் தேவசகாயம் சார், பெருமையாக.